வாய்விட்டு வாசிக்கத் திணறும் பிள்ளையிடம் செய்யக் கூடாதவை

கற்றல் குறைபாடு உள்ள பிள்ளை உரக்க வாசிக்கும்போது பெரியவர்கள் செய்யும் முதல் தவறு, உடனே குறுக்கிடுவது. ஒரு சொல்லில் தயங்கினாலே பக்கத்தில் இருப்பவர் எடுத்துக் கொடுத்துவிடுகிறார். எழுத்துக் கூட்டிப் பார்க்கும் வாய்ப்பே அதில் பறிபோகிறது. ஐந்து வினாடி பொறுங்கள். அப்போதும் வராவிட்டால் சொல்லைச் சொல்லிக் கொடுத்து, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசிக்க விடுங்கள்.

‘கொடி’ என்ற சொல்லைப் பாருங்கள். கண்ணில் முதலில் படுவது ஒற்றைக்கொம்பு, அடுத்து ‘க’, அதன்பின் கால். மூன்றையும் ஒருசேரப் பிடித்தால்தான் ‘கொ’ ஆகும். ‘கெடி’ என்று வாசிக்கும் பிள்ளை காலைத் தவறவிட்டிருக்கிறது. அதைக் கவனக்குறைவு என்று திட்டுவது அநியாயம். ‘க, கா, கி, கீ’ என்று வரிசையாக ஒப்பிப்பதைக் கேட்டு, எழுத்தெல்லாம் தெரியும் என்று நம்பிவிடவும் வேண்டாம். வரிசையைக் கலைத்துக் காட்டிக் கேளுங்கள். அதேபோல், வீட்டிலும் தெருவிலும் எல்லோரும் ‘பளம்’ என்றே சொல்லும்போது, பிள்ளை ‘பழம்’ என்பதை அப்படி உச்சரித்தால் அதை வாசிப்புப் பிழையாகக் கணக்கிடாதீர்கள்.

விரல் வைத்து வாசிப்பதைத் தடுக்காதீர்கள். ‘ஓடிக்கொண்டிருந்தார்கள்’ போன்ற நீளச் சொற்களை பென்சிலால் கோடிட்டுப் பிரித்துக் கொடுங்கள்.

வகுப்பில் ஒவ்வொருவராக எழுந்து நின்று வாசிக்கும் வழக்கம் இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுமை. தன் முறை எப்போது வரும் என்ற பயத்தில், மற்றவர் வாசிப்பது காதில் ஏறாது. முன்கூட்டியே பத்தியைக் கொடுத்து, பழகிய பிறகு வாசிக்கச் சொல்லலாம். தினம் ஒரு புதுப் பாடம் என்று ஓடுவதும் வேண்டாம். உதவியோடு ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப உரக்க வாசிப்பது பலன் தருகிறது என்று அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-இல் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. நூறு சொல்லில் பத்துக்கு மேல் பிழை வந்தால் எளிய பாடத்துக்கு இறங்குங்கள், அது கீழ்வகுப்புப் புத்தகமாக இருந்தாலும் சரி.

‘வயது ஏறினால் சரியாகிவிடும்’ என்று காத்திருப்பதுதான் பெரிய இழப்பு. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பிறகு கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீடு செய்யுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்டுப் பெறலாம்.