டீசலில் எத்தனை விழுக்காடு பயோடீசல்? இரண்டு குழாய்ச் சென்சாரால் அளக்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பொரித்த எண்ணெயை வாங்கிப் பயோடீசல் காய்ச்சி, டீசலில் கலந்து ஊற்றுபவர்களுக்கு இது. கலவை 5 விழுக்காடா 20ஆ என்பது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் டீசலின் மின்காப்பு மாறிலி (இரு உலோகங்களுக்கு இடையே நிரப்பினால் காற்றைப்போல எத்தனை மடங்கு மின்னேற்றம் தேங்கும் என்ற எண்) சுமார் 2.1 முதல் 2.2 வரை, பயோடீசலுக்கு 3.2க்கு மேல். அந்த வித்தியாசத்தைத்தான் அளக்கப் போகிறோம்.

முதலில் குழாய்கள். 10 மி.மீ. வெளிவிட்டமுள்ள துருப்பிடிக்காத எஃகுக் குழாயை, 12 மி.மீ. உள்விட்டமுள்ள இன்னொன்றுக்குள் நடுவாக நிறுத்துங்கள். ஒன்றையொன்று மூடும் நீளம் 40 மி.மீ. இடையே டெஃப்லான் வளையம். ரப்பர் வேண்டாம், பயோடீசலில் ஊறி உப்பிவிடும். பித்தளையும் செம்பும் எரிபொருளைக் கெடுக்கும்.

இரு குழாய்களும் சேர்ந்து ஒரு மின்தேக்கி. அதன் மின்தேக்கம் காற்றில் சுமார் 12 பிகோஃபாரட், டீசலில் 26, சுத்தப் பயோடீசலில் 40 வரும். ஒரு விழுக்காட்டுக்கு 0.14தான், ஆகவே மின்தேக்கத்தை அளக்கும் எஃப்டிசி1004 போன்ற நுண்ணிய சிப் தேவை. உள்குழாய் அதன் அளவீட்டு முனைக்கு, வெளிக்குழாய் கிரவுண்டுக்கு. கேபிளின் பின்னலை ஷீல்டு முனையில் இணையுங்கள். கிரவுண்டில் இணைத்தால் கேபிளின் மின்தேக்கமும் கணக்கில் ஏறும், கேபிள் அசைந்தாலே எண் ஆடும். ஆஃப்செட் என்ற நடு எண்ணுக்கு மேலும் கீழும் 15 பிகோஃபாரட் மட்டுமே சிப் அளக்கும், ஆகவே ஆஃப்செட்டை 31.25 என வையுங்கள். பக்கத்தில் ஒரு டிஎஸ்18பி20 வெப்பமானி.

அடுத்து அளவீடு சரிபார்த்தல். அவசரப்படக் கூடாத இடம் இது. 500 மி.லி. மாதிரிகளாக 0, 5, 10, 20, 50 விழுக்காடு கலந்துகொள்ளுங்கள் (5க்கு 25 மி.லி. பயோடீசல், 475 மி.லி. டீசல்). எல்லாம் ஒரே வெப்பநிலையில் இருக்கட்டும். 10 பாகை மாறினால் ஒன்றிரண்டு விழுக்காடு தவறும். குழாயை மெல்ல இறக்கி, குமிழி போகும்வரை காத்திருந்து எழுதிக்கொள்ளுங்கள். குமிழி எண்ணைக் குறைத்துவிடும்.

சுழிப் புள்ளியை (பயோடீசல் கலக்காத டீசலின் வாசிப்பை) டீசல் மாறும்போதெல்லாம் புதிதாக எடுங்கள். தென்னாப்பிரிக்காவில் கச்சா எண்ணெய் டீசலும் உண்டு, செகுண்டாவில் நிலக்கரியிலிருந்து செய்வதும் உண்டு. டீசலில் உள்ள அரோமாட்டிக் (வளைய வடிவ ஹைட்ரோகார்பன்) அளவு மாறினால் அடிப்படை எண்ணும் நகரும்.

வாசிப்பு அளவுக்கு மீறி ஏறினால் தண்ணீரையே முதலில் சந்தேகியுங்கள். அதன் மாறிலி சுமார் 80. டர்பன் ஈரக்காற்றில் திறந்த டிரம்முக்கு இது சாதாரணம். சரியாகக் கழுவாததில் மிஞ்சும் மெத்தனாலும் அப்படியே ஏமாற்றும்.

வினைபுரியாமல், பயோடீசலாக மாறாமல் மிஞ்சிய எண்ணெயைச் சென்சாரால் பிரித்தறிய முடியாது, அதன் மாறிலி பயோடீசலை ஒட்டியே இருக்கிறது. அதனால் கலப்பதற்கு முன்பே 27 மி.லி. மெத்தனாலில் 3 மி.லி. பயோடீசலைச் சுமார் 20 பாகையில் குலுக்கிப் பாருங்கள் (மெத்தனால் நஞ்சு, கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம்). அடியில் எண்ணெய் படிந்தால் அந்தத் தொகுதியை மறுபடி காய்ச்ச வேண்டும்.