கார் ஏசில காத்து கம்மியா வருதா? கேஸ் அடிக்க குடுக்க முன்னுக்கு இத செஞ்சு பாருங்க

நம்ம பக்கத்துல காருக்கு ஏசி எதுக்குன்னு கேக்குறவங்க நிறைய, நுவரெலியா 1,800 மீட்டருக்கு மேல இருக்கு, கண்ணாடிய இறக்குனாலே குளிர் அடிக்குது பிறகென்னத்துக்குன்னு. ஆனா மழை நேரம் ரம்பொடை ரோட்டுல ஏறி வாங்க, உள்ளுக்கு நாலு பேர் இருந்தாலே முன் கண்ணாடி பால் ஊத்துன மாதிரி வெள்ளையாகிரும், அந்த நேரம் கண்ணாடிக்கு கீழ இருந்து வர்ற காத்துதான் நமக்கு ரோட்ட காட்டுது. அதனால காத்து குறைஞ்சா பிறகு பாப்போம்னு விடாதீங்க, முக்காவாசி வேலைய வீட்டு வாசல்ல வச்சே செய்யலாம்.

முதல்ல ஒண்ணு வெளங்கிக்கிடணும், குளிர் குறையுறது வேற காத்து குறையுறது வேற. காத்து நல்லா அடிக்குது ஆனா குளிரல்லன்னா அது கேஸ், கம்ப்ரஷர் பக்கத்து வேலை. காத்தே வரலன்னா கேஸ் அடிச்சு காசு போறதுதான் மிச்சம் (ஒரே ஒரு எடத்துல மட்டும் கேஸுக்கும் காத்துக்கும் சம்பந்தம் வரும், அத கடைசில சொல்றேன்).

இப்ப எஞ்சின ஸ்டார்ட் பண்ணி ஏசிய ஓஃப்ல வச்சு ஃபேன மட்டும் ஒண்ணுல இருந்து ஃபுல் வரைக்கும் ஒவ்வொண்ணா கூட்டுங்க. காத கொஞ்சம் டெஷ்போர்ட் பக்கம் வச்சு கேளுங்க, இதுதான் முக்கியமான எடம். ஃபேன் சத்தம் கூடுது ஆனா காத்து கூடலன்னா எங்கயோ அடைப்பு. சத்தமே கூடலன்னா மோட்டர் இல்லாட்டி கரண்ட் பக்கத்து பிரச்சினை. பிறகு முகத்துக்கு, காலுக்கு, கண்ணாடிக்குன்னு மாத்தி மாத்தி பாருங்க, முகத்துக்கு வச்சும் கண்ணாடிக்கே போகுதுன்னா உள்ளுக்கு காத்த திருப்பி விடுற சின்ன கதவு மாறல்ல, அது டெஷ்போர்டுக்குள்ள கை வைக்கிற வேலை, கராஜுக்கு விட்டுருங்க.

இன்னொரு டெஸ்ட், வளைஞ்ச அம்புக்குறி போட்ட உள்காத்து பட்டன அமத்தி பாருங்க. உள்காத்துல வேகமா வந்து வெளிக்காத்துல மட்டும் கம்மியா வந்தா வைப்பருக்கு கீழ இருக்கிற வலைய பாருங்க, காத்து உள்ள போற வாசல் அதுதான். சவுக்கு மரத்துக்கு கீழயோ டர்பன்டைன் மரத்துக்கு கீழயோ வண்டிய போடுறவங்களுக்கு அங்க இலை மக்கி சேறு மாதிரியே கெடக்கும், கையால அள்ளி எடுங்க, பைப் வச்சு தண்ணிய உள்ளுக்கு அடிச்சு தள்ளாதீங்க, காத்த தள்ளுற ஃபேன், அதான் ப்ளோவர், அதுக்கு அங்கிட்டுதான் இருக்கு.

ரெண்டுலயும் கம்மின்னா உள்ள வர்ற காத்த வடிகட்டுற ஃபில்டர். நிறைய ஜப்பான் வண்டில இது குளவ் பொக்ஸுக்கு பின்னுக்கு இருக்கும், பழைய ஆல்டோ மாதிரி சிலதுல ஃபில்டரே போட்டிருக்க மாட்டாங்க. எஞ்சின ஓஃப் பண்ணிட்டு குளவ் பொக்ஸ காலி பண்ணுங்க, ஒரு பக்கம் சின்ன கை மாதிரி ஒண்ணு புடிச்சிருந்தா அத கழட்டுங்க, ரெண்டு பக்க சுவரையும் உள்ளுக்கு அமத்துனா பொக்ஸ் கீழ இறங்கிரும், உள்ள நீளமா ஒரு மூடி தெரியும், கிளிப்ப அமத்தி இழுத்தா ஃபில்டர் கையோட வரும். மெதுவா இழுங்க, மேல கெடக்கிற குப்பை உள்ள விழுந்தா நேரா ப்ளோவருக்குத்தான் போகும். மடிப்புக்கு நடுவுல கருப்பா தூசி, பூச்சி செறகு, நம்ம ஈரத்துக்கு பச்சையா பூஞ்சணமும் புடிச்சிருக்கும், அந்த ஊத்த மணம் அதுல இருந்துதான் வருது. ஃபில்டர் இல்லாம ஒருக்கா ஃபேன போட்டு பாருங்க, காத்து பிச்சுக்கிட்டு வந்தா நோய் புடிபட்டுருச்சு. பேப்பர் ஃபில்டர கழுவி காய வச்சு போடாதீங்க, புதுசு வாங்குங்க, ஓரத்துல இருக்கிற அம்புக்குறி காத்து போற திசைக்கு இருக்கணும், பழசு எப்படி இருந்துச்சுன்னு கழட்ட முன்னுக்கே ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கிட்டா குழப்பம் வராது. (டொயோட்டா அக்வா வச்சிருக்கவங்க, பின் சீட்டு பக்கத்துல இருக்கிற வலை வேற, அது ஹைபிரிட் பெட்டரிய குளிராக்க, அதையும் மூடாம சுத்தமா வைங்க.)

ஃபில்டர் இருந்த எடத்துல பஞ்சு, கடிச்ச பேப்பர், புழுக்கை கெடந்தா எலி கூடு கட்டியிருக்கு. வெறுங்கையால தொடாதீங்க, எலி மூத்திரத்துல இருந்துதான் எலிக்காய்ச்சல் வருது, க்ளவ்ஸும் மாஸ்க்கும் போட்டுக்கிட்டு அள்ளுங்க. ப்ளோவர் மோட்டர் இடது பக்க சீட்டுக்கு முன்னுக்கு கால் வைக்கிற எடத்துக்கு மேல இருக்கும், பொதுவா மூணு ஸ்க்ரூ ஒரு ப்ளக், பெட்டரி மைனஸ கழட்டிட்டு எறக்கி சக்கரத்து இடுக்க பிரஷ்ஷால சுத்தம் பண்ணுங்க. மஞ்ச கலர் ப்ளக் தெரிஞ்சா கிட்டயே போகாதீங்க, அது ஏர்பேக்குது.

ஃபேன் ஃபுல்ல மட்டும் ஓடி ஒண்ணு ரெண்டுல ஓடலன்னா ஃபேன் வேகத்த குறைக்கிற ரெசிஸ்டர் போயிருச்சு. இங்க ஒரு விஷயம், ரெசிஸ்டர் சூட்ட தணிக்கிறதே அந்த காத்துதான், அதனால அடைஞ்ச ஃபில்டர வச்சுக்கிட்டு புது ரெசிஸ்டர் போட்டா அதுவும் எரியும். கொழும்பு பஞ்சிகாவத்தை ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள்ல தேட விட முன்னுக்கு செசி நம்பர குறிச்சு குடுங்க. ஃபேன் ஒண்ணுமே ஓடலன்னா ஃபியூஸ பாருங்க, எரிஞ்சிருந்தா அதே அம்பியர்ல போடுங்க, பெருசு போட்டா வயர் எரியும்.

எல்லாம் சரி, ஆனா ஏசி போட்டு அரை மணித்தியாலம் போக போக காத்து குறையுது, ஏசிய நிப்பாட்டி ஃபேன மட்டும் விட்டா திரும்ப வருதுன்னா உள்ளுக்கு காத்த குளிராக்குற கொயில்ல ஐஸ் கட்டுது. முன்னுக்கு சொன்ன அந்த எடம் இதுதான், கேஸ் கம்மியானாலும் ஐஸ் கட்டும், சென்சர் பழுதானாலும் கட்டும், கொயில் தூசில அடைஞ்சாலும் கட்டும். இது கேஸ் அமுக்கத்த அளக்கிற கேஜ் போட்டு பாக்கிற வேலை. கராஜ்ல போய் ஏசி வேலை செய்யல்லன்னு மட்டும் சொல்லாம, பாஸ், புது ஃபில்டர் போட்டாச்சு, ஃபேன் எல்லா ஸ்பீடுலயும் ஓடுது, அரை மணித்தியாலத்துல காத்து குறைஞ்சு ஏசிய நிப்பாட்டுனா திரும்ப வருதுன்னு சொல்லுங்க, அவர் நேரா கொயில்ல இருந்து ஆரம்பிப்பாரு.