ஜீவனாம்சம்: மனு போட்ட தேதியிலிருந்துதான் கணக்கு

22 வருடமாக வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். குடும்பநல நீதிமன்ற வராந்தாவில் என்னிடம் அடிக்கடி கேட்பது, "அண்ணா, எவ்வளவு கிடைக்கும்?" நான் திருப்பிக் கேட்பது, "மனு என்றைக்குப் போட்டீங்க?" பாதிப் பேர் போட்டே இருக்க மாட்டார்கள். விவாகரத்துத் தீர்ப்பு வந்த பிறகுதான் ஜீவனாம்சம் என்று நினைத்து, இரண்டு வருடம் அம்மா வீட்டிலேயே ஓட்டியிருப்பார்கள்.

அப்படியில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 24-வது பிரிவின்படி, வழக்கு நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். வழக்கைப் போட்டது நீங்களா, அவரா என்பது பிரச்சினையே இல்லை. வருமானம் இல்லாத கணவரும் மனைவியிடம் கேட்கலாம். அப்படி ஒரு மனுவை நானே டைப் அடித்திருக்கிறேன். நோட்டீஸ் சேர்ந்து 60 நாளுக்குள் கூடுமானவரை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். அந்தக் 'கூடுமானவரை'க்குள் எத்தனை வாய்தா அடங்கும் என்று எங்களைக் கேளுங்கள். ஆனாலும் உத்தரவு எப்போது வந்தாலும், தொகை மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கு. 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

விவாகரத்து வழக்கே இல்லையா? பரவாயில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜீவனாம்சத்துக்கு இருந்த, எல்லோரும் '125' என்று சொல்லும் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-வது பிரிவு. எந்த மதத்து மனைவியும் போடலாம். விவாகரத்தாகி மறுமணம் செய்யாதவரும் போடலாம். நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். 2005-ன் குடும்ப வன்முறைச் சட்டத்திலும் பணம் கேட்க வழி உண்டு. இரண்டு இடத்தில் போட்டால், முதலில் வாங்கிய உத்தரவை அடுத்த மனுவில் சொல்லியாக வேண்டும், அதைக் கழித்துக்கொள்வார்கள்.

சரி, தொகை. சூத்திரம் கிடையாது. 2017-ல் ஒரு வழக்கில் கையில் வரும் சம்பளத்தில் 25 சதவீதம் நியாயம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதைப் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். அது ஒரு அளவுகோல், அவ்வளவுதான். உண்மையில் தொகையைத் தீர்மானிப்பது, இரு தரப்பும் தாக்கல் செய்ய வேண்டிய சொத்து, கடன் பிரமாணப் பத்திரம்.

அதை மட்டும் அவசரமாக நிரப்பாதீர்கள். "அவருக்கு மாதம் ஒரு லட்சம் வரும்" என்று வாயால் சொன்னால் எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பார். பழைய சம்பளச் சீட்டின் செல்போன் படம், வங்கி ஸ்டேட்மென்ட், பள்ளிக் கட்டண ரசீது, வண்டியின் ஆர்.சி., எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். எனக்குப் பிடித்தது வீட்டுக்கடன் விண்ணப்பத்தின் நகல். கடன் கேட்கும்போது யாரும் வருமானத்தைக் குறைத்துச் சொல்வதில்லை!

செலவுப் பட்டியலில் வாடகை, மருந்து என்று மாதச் செலவை எழுதிவிட்டு, வருடத்துக்கு ஒருமுறை வரும் இன்சூரன்ஸையும் பள்ளிக் கட்டணத்தையும் விட்டுவிடுவார்கள். பன்னிரண்டால் வகுத்துச் சேருங்கள்.

உங்கள் வேலையை மறைக்காதீர்கள். எங்கள் கட்சிக்காரர் ஒருவர் வருமானம் இல்லை என்று எழுதினார். அவர் கணக்கில் மாதாமாதம் சம்பளம் ஏறுவதை எதிர்த்தரப்பு காட்டியது. அதன்பின் அவர் சொன்ன நிஜங்களும் எடுபடவில்லை. வேலை இருப்பதாலேயே ஜீவனாம்சம் கிடையாது என்று ஆகிவிடாது. அந்தச் சம்பளத்தில் பழைய வாழ்க்கைத் தரத்தை ஓட்ட முடிகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

வக்கீல் ஃபீஸுக்குப் பயந்து தள்ளிப்போடவும் வேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச வக்கீல் உண்டு. 15100-க்கு போன் செய்யலாம்.

தீர்ப்புக்குப் பிறகானது இந்து திருமணச் சட்டத்தின் 25-வது பிரிவு: நிரந்தர ஜீவனாம்சம். மாதாமாதமாகவோ மொத்தமாகவோ வாங்கலாம். நிலைமை மாறினால் கூட்டவோ குறைக்கவோ மனு போடலாம். வாங்குபவர் மறுமணம் செய்தால் ரத்து கேட்கலாம். இருவரும் சேர்ந்து கேட்கும் பரஸ்பர சம்மத விவாகரத்து என்றால் தொகை, தேதி, டி.டி.யா ஆன்லைனா எல்லாம் மனுவிலேயே இருக்கட்டும். வாங்குபவரோ கொடுப்பவரோ, ஒரு பகுதியை இரண்டாவது முறை கோர்ட்டுக்கு வரும் நாளுக்கு வைப்பதுதான் இருவருக்கும் பத்திரம். "இனி எதுவும் கேட்க மாட்டேன்" என்று நீங்கள் கையெழுத்துப் போட்டாலும் அது குழந்தையின் உரிமையைக் கட்டுப்படுத்தாது. குழந்தைக்கானதைத் தனியாக எழுதுங்கள்.

அப்புறம், பணம் வராமல் போனால். 144-ன் கீழ் பாக்கி விழுந்த ஒரு வருடத்துக்குள் வாரண்ட் கேட்டு மனு போட வேண்டும். "பாவம், அடுத்த மாசம் தருவாரு" என்று விட்டுவிட்டால் பழைய மாதங்களுக்கு அந்த வழி போய்விடும். பணம் கட்டாத ஆளை ஒரு மாதம் வரை சிறையில் வைக்கலாம். உள்ளே போய் வந்தாலும் பாக்கி தீராது. கொடுப்பவருக்கும் ஒன்று: கோர்ட் படிக்கட்டில் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கி வழியாக அனுப்புங்கள். வாங்கவில்லை என்று சொன்னால், படிக்கட்டில் நின்றிருந்த நான் சாட்சிக்கு வர மாட்டேன்.