ரோஜா பூக்கவில்லையா? முதலில் தூரைப் பாருங்கள்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் தெரு அக்கா வீட்டு ரோஜா ஆள் உயரம் வளர்ந்து நின்றது. ஒரு வருஷமாக ஒரு பூ இல்லை. "இவ்வளவு செழிப்பா இருக்கு, பூக்கத்தான் மனசு வரல" என்பார். குனிந்து தூரைப் பார்த்தேன். காட்டு ரோஜா வேரில் நல்ல ரகத்தை ஒட்டிய நர்சரி ஒட்டுச்செடி அது. ஒட்டு போட்ட முண்டுக்கு மேலே இருந்த சிவப்பு ரோஜா எப்போதோ காய்ந்து குச்சியாகியிருந்தது. தழைத்ததெல்லாம் கீழே வேரிலிருந்து கிளம்பிய காட்டு ரோஜா. பாவம், வருஷம் முழுக்க அதற்குத்தான் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்.

நான் பார்த்ததில் இதுதான் பெரிய தவறு. காம்பில் ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுச்செடி, ஐந்து என்றால் நல்லது என்பார்கள். முழுசாக நம்பாதீர்கள், நல்ல ரகங்களிலும் ஏழு வரும். மண்ணை விலக்கி, தளிர் எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். ஒட்டுக்குக் கீழே என்றால் அடியோடு பிய்த்தெடுங்கள். மேலாக நறுக்கினால் மறுபடி துளிர்க்கும்.

அப்புறம், கவாத்துக்கு, அதாவது கிளைகளை வெட்டிவிடுவதற்குப் பயப்படுவது. நாம் வளர்க்கும் ரோஜா பெரும்பாலும் பூப்பது புதுக் கிளையில்தான். இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை) ஓய்ந்து துலா மழையும் (வடகிழக்குப் பருவமழை) அடங்கும் நவம்பர் கடைசியில் பாதி உயரத்துக்கு வெட்டி, வெட்டுவாயில் போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சை மருந்து) தடவினால், சுமார் 45 நாளில் பூ வரும். வாடிய பூவையும் செடியில் விடாதீர்கள். காய் பிடித்தால் அடுத்த மொட்டு தாமதமாகும்.

தண்ணீரில் நம் ஊருக்கு ஒரே கணக்கு சரிப்படாது. ஜூன், ஜூலையில் சாயங்காலம் இலைமேல் ஊற்றினால் ராத்திரி முழுக்க ஈரம் நின்று கரும்புள்ளி நோய் வரும். உதிர்ந்த இலையைப் பொறுக்கி எறியுங்கள். டிசம்பர், ஜனவரியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது நிலைமை தலைகீழ். தொட்டி மண் சீக்கிரம் காயும், இலையடியில் சிலந்திப்பேன் ஏறும். அப்போது காலையில் இலையின் அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சுவது நல்லது.

கரிசல் மண்காரர்கள் இலை மஞ்சளித்ததும் யூரியா போடுவார்கள். துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை. கரிசல் மாதிரி கார மண்ணில் இரும்பு இருந்தாலும் வேர் எடுக்காது. யூரியா இலையைத்தான் வளர்க்கும். இரும்புச்சத்துக் கலவையைத் தெளித்து, மக்கிய எருவைச் சேருங்கள். சர்க்கரை போட்ட டீத்தூளைக் கழுவாமல் கொட்டுவதும் வேண்டாம், எறும்புக்குத்தான் விருந்து.

அக்கா புதுச் செடி வாங்கி, முண்டு மண்ணுக்கு மேலே தெரிய நட்டிருக்கிறார். பழையதைப் பிடுங்க மனசில்லாமல் வேலியோரம் மாற்றிவிட்டார். முள்ளுக்குப் பயந்து ஆடு வருவதில்லையாம்.