“நீங்கள் இவருக்கு என்ன முறை?” – அந்தக் கேள்வி வருமுன் செய்து வைக்க வேண்டியவை

எங்கள் வீட்டு வாசற்கதவின் பின்னால் ஆணியில் ஒரு பை தொங்குகிறது. இலங்கைப் போர்க்காலத்தில் வன்னியில் எல்லா வீட்டிலும் இப்படி ஒரு பை இருந்தது. பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம், குடும்ப அட்டை எல்லாம் அதற்குள் இருக்கும். ஷெல் விழத் தொடங்கினால் சோற்றுப் பானையை அப்படியே விட்டுவிட்டு அதைத்தான் தூக்குவோம். இப்போது தொங்கும் பை நோய்க்காக. கணவன் மனைவி என்றோ உடன்பிறப்பு என்றோ சொல்ல முடியாத இரண்டு வயதான பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளத் தேவையான கடதாசிகள் அதற்குள் இருக்கின்றன. அந்தப் பையை எப்படிச் சேர்ப்பது என்று, எங்களைப் போன்றவர்களுக்கும் அவர்களைக் கவனிக்கும் பிள்ளைகளுக்கும் எழுதுகிறேன்.

எனக்கு 66 வயது, ஓய்வுபெற்ற ஆசிரியை. அவருக்கு 69, கண் மங்கும்வரை தையல் தொழில் செய்தவர். 1990 முதல் ஒரே வீட்டில் வாழ்கிறோம். 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் பதிவு செய்தபோது, ஆளுக்கொரு கூடாரத்தில் போட்டுவிடுவார்களோ என்ற பயத்தில் “அக்காவும் தங்கையும்” என்று சொன்னோம். அந்தப் பொய் பதின்மூன்று வருடங்கள் எங்களைக் காப்பாற்றியது. 2022 ஐப்பசி மழையில் அவருக்குப் பக்கவாதம் வந்த அன்று அது கைவிட்டது. இரண்டு அடையாள அட்டைகளையும் பார்த்த ஊழியர், “தகப்பன் பெயர் வேறாக இருக்கிறதே, நீங்கள் இவருக்கு என்ன முறை?” என்று கேட்டார். என் வாய் அடைத்துப்போனது. என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ஆறு வருடங்களாக எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத அவருடைய தம்பியைத் தொலைபேசியில் பிடித்தார்கள். “கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?” என்று அவரிடம் கேட்டார்கள். அவருக்கு எப்படித் தெரியும்? ஐந்தே காலுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தவள் நான். வெளி வாங்கில் உட்கார்ந்திருந்தேன்.

பக்கவாதத்தில் அந்த நேரம்தான் முக்கியம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க வராமல் விழுந்தால், பேச்சுக் குழறினால் 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். இலவச அம்புலன்ஸ் வரும். கடைசியாக நன்றாக இருந்த மணியை ஒரு துண்டில் எழுதி நோயாளியின் சட்டையிலேயே குத்திவிடுங்கள். உங்களை உள்ளே விடாவிட்டாலும் அந்தத் துண்டு உள்ளே போகும்.

ஆகவே முதல் வேலை, அந்தக் கேள்விக்கான பதிலை இருவரும் நலமாக இருக்கும்போதே பேசி முடிவு செய்வது. பொய் முறை சொல்லாதீர்கள். அடையாள அட்டை அதைக் காட்டிக்கொடுக்கும். பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் நம்ப மாட்டார்கள். எல்லாவற்றையும் வார்ட்டு வாசலில் சொல்ல வேண்டும் என்றும் இல்லை. நாங்கள் இப்போது சொல்வது இதுதான்: “இத்தனை வருடங்களாக ஒரே வீட்டில் வசிக்கிறோம், இவரைப் பராமரிப்பவர் நான்.” இதற்கு ஆதாரம் வேண்டும். வாக்காளர் இடாப்பில் இருவர் பெயரும் ஒரே வீட்டில் பதியப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கிராம அலுவலரிடம் இருவருக்கும் வதிவிடச் சான்று எடுங்கள். அதோடு ஒரு கடிதம்: “எனக்குப் பேச முடியாமல் போனால் என் மருந்துகளையும் உடல்நிலையையும் பற்றி இவரிடம் கேளுங்கள். இவரை என் பக்கத்தில் இருக்க விடுங்கள்.” நோயாளியாகக்கூடியவர் தன் கையாலேயே எழுதி, திகதி போட்டு, ஒரு சமாதான நீதவான் முன் கையெழுத்திட வேண்டும். இது நீதிமன்ற உத்தரவு அல்ல. ஆனால் முத்திரை குத்திய தாளைக் கையில் வைத்திருப்பவரை வெளியே போகச் சொல்ல யாரும் கொஞ்சம் யோசிப்பார்கள். இரண்டாவது தடவை போனபோது என்னை உள்ளே விட்டார்கள்.

சட்டத்தைப் பற்றிய பயம் பலரை வைத்தியரிடமே போகவிடாமல் தடுக்கிறது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவையில் ஒருபாலுறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள் இருக்கின்றன. 1995இல் செய்த திருத்தத்தால் பெண்களும் அதற்குள் வந்தார்கள். அவை பாலுறவுச் செயலைப் பற்றியவை. இரண்டு பெண்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்வதையோ, வைத்தியரிடம் தன்னைப் பற்றிச் சொல்வதையோ அவை குற்றம் என்று சொல்லவில்லை. ஒருபாலுறவு குற்றமல்ல என்று ஆக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று உயர் நீதிமன்றம் 2023இல் தீர்மானித்தது. எல்லா வைத்தியரிடமும் சொல்லத் தேவையில்லை. ஆனால் மாதக் கிளினிக்கில் தொடர்ந்து பார்க்கும் ஒருவரிடமாவது சொல்லிவையுங்கள்.

கலியாணம் கட்டாத பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நல்வாழ்வு மகளிர் கிளினிக்கில் செய்யும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனை நமக்குத் தேவையில்லை என்று நாமே ஒதுங்கிவிடுகிறோம். அந்தப் புற்றுநோயைக் கொண்டுவரும் வைரசு பெண்ணிடமிருந்து பெண்ணுக்கும் தொற்றும். ஒருமுறைகூடச் செய்யாதவர்கள் வயது போய்விட்டது என்று இருக்காமல் கேட்டுச் செய்யுங்கள். மாதவிடாய் நின்று வருடங்கள் கழித்து ஒரு துளி இரத்தம் பட்டாலும் அடுத்த நாளே போங்கள். ஆண்களை நேசித்து அதை யாருக்கும் சொல்லாமல் குடும்பம் நடத்திய ஐயாமாருக்கு: அரசாங்கப் பாலியல் நோய்க் கிளினிக்கில் எச்ஐவிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம், இரகசியம் காப்பார்கள். அறுபதுக்கு மேல் உடம்பு மெலிந்தால் எல்லோரும் சீனி வியாதி என்றே நினைக்கிறார்கள். அந்த வயதிலும் இது வரும்.

வவுனியாவில் எனக்கு ஒரு திருநங்கைத் தங்கை இருக்கிறார், வயது 61. இருபது வருடங்களாக மருந்துக் கடையில் கர்ப்பத்தடை மாத்திரை வாங்கி, அதையே பெண் ஹோர்மோனாக விழுங்கிக்கொண்டிருந்தார். அந்த மாத்திரையில் உள்ள எத்தினைல் எஸ்ட்ரடையால் வயதானவர்களுக்கு இரத்தக் கட்டியை உண்டாக்கும் ஆபத்து அதிகம். புகைத்தால் இன்னும் அதிகம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால் காத்திருக்காதீர்கள். அவரை நான் வற்புறுத்தி அழைத்துப் போனேன். ஹோர்மோனை நிறுத்தத் தேவையில்லை, தோலில் பூசுவதோ ஒட்டுவதோ பாதுகாப்பானது என்று வைத்தியர் விளக்கினார். அந்த நிம்மதியில் அவர் அழுததை என் கண்ணால் பார்த்தேன். இன்னொன்று: சத்திரசிகிச்சை செய்தாலும் திருநங்கையின் உடம்பில் புரொஸ்டேட் சுரப்பி இருக்கும். சிறுநீர் தடைப்பட்டால் அதைச் சொல்லத்தான் வேண்டும். திருநம்பிகளுக்கும் அப்படியே, கருப்பை இருந்தால் கருப்பைக்குரிய பரிசோதனையும் உண்டு.

பழைய பெயரோடு ஆண்கள் வார்ட்டில் படுக்க வேண்டி வருமோ என்பதுதான் வவுனியாத் தங்கையின் பெரிய பயம். 2016இல் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை வந்த பிறகு இதற்கு ஒரு வழி இருக்கிறது. அரசாங்க மனநல வைத்திய நிபுணரிடம் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்று, பதிவாளர் மூலம் பிறப்புச் சான்றிதழைத் திருத்தி, பிறகு அடையாள அட்டையை மாற்றலாம். போரில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்கள் முதலில் அதன் பிரதியை எடுக்க வேண்டும். நடக்கக் கால் இருக்கும்போதே தொடங்குங்கள்.

படுக்கையில் விழுந்த திருநங்கையைப் பராமரிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காலையில் முகம் கழுவியதும் சவரம் செய்துவிடுங்கள். இரண்டு நாள் தாடியோடு கண்ணாடியில் தன்னைப் பார்க்கும் வேதனை மருந்துக்கு ஆறாது. பொட்டும் வளையலும் எங்கே இருக்கின்றன என்று முன்பே கேட்டுவையுங்கள்.

என்னுடையவரின் வலப்பக்கம் இன்னும் சரியாக வரவில்லை. இரண்டு மணிக்கொரு தடவை புரட்டிப் படுக்க வைக்கிறேன். எனக்கு அவரைத் தூக்கப் பலம் இல்லை. பழைய பருத்திச் சேலையை நான்காக மடித்து, தோளிலிருந்து தொடைவரை அவருக்கு அடியில் விரித்திருக்கிறேன். சேலையின் மறுபக்க ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து என் பக்கம் இழுத்தால் உடம்பு தானாகத் திரும்பும், தோல் உராயாது. குதிக்கால் பாயில் படாதபடி கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைக்கிறேன். நிமிர்த்தி உட்கார வைத்து, கஞ்சியைக் கரண்டியிலிருந்து சொட்டாத அளவுக்குக் கெட்டியாக்கி, நல்ல பக்கத்துக் கன்னத்தில் ஊட்டுகிறேன். முதல் ஆறு மாதம் எனக்கே தூக்கம் இல்லாமல், தூங்கினால் முள்ளிவாய்க்கால் கனவாக வந்தது. பராமரிப்பவருக்கும் ஆறுதல் வேண்டும். 1926 தேசிய மனநல உதவி இலக்கம்; நான் அழைத்திருக்கிறேன்.

இனிக் காணி. வன்னியில் பலர் தவறுவது இங்கேதான். உறுதிக் காணி என்றால் விரும்பியவருக்கு உயில் எழுதலாம். உறுதி எழுதும் நொத்தாரிசு முன் இரண்டு சாட்சிகள், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள். சொத்தைப் பெறுபவர் சாட்சியாக நிற்கக் கூடாது. ஆனால் நம் குளங்களின் கீழ் உள்ள குடியேற்றத் திட்டங்களில் பெரும்பாலானவை அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணிகள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படி நமக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளராகக் கணவன், மனைவி அல்லது சட்டம் சொல்லும் இரத்த உறவுகளில் ஒருவரையே நியமிக்கலாம். முப்பது வருடம் ஒன்றாகத் தோட்டம் கொத்தியவருக்கு அதில் இடமில்லை. இது அநியாயம், ஆனால் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எங்கள் வீடு அவருடைய பெர்மிட் காணியில்தான் நிற்கிறது. அவருடைய தம்பியின் மகன் நல்ல பிள்ளை. என்னை “ரீச்சர் மாமி” என்று கூப்பிடுபவன். அவனைப் பின்னுரித்தாளராகப் பிரதேச செயலகத்தில் பதிந்தோம். நான் சாகும்வரை அந்த வீட்டில் இருப்பேன் என்று அவன் எல்லோர் முன்னும் வாக்குக் கொடுத்திருக்கிறான். அவனைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு இரண்டு வருடம் எடுத்தது, அவசரப்படாதீர்கள். வங்கியில் சிக்கல் குறைவு: கூட்டுக் கணக்காக்கி, ஒருவர் இறந்தால் மற்றவர் எடுக்கலாம் என்ற நிபந்தனையை எழுத்தில் பெறுங்கள்.

கடைசியாக, செத்த வீடு. கொள்ளி யார் வைப்பது, எந்தச் சேலை உடுத்துவது, அந்தியேட்டிக் கிரியை எங்கே என்பதெல்லாம் பேசிவிட்டோம். எங்கள் பக்கம் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. படலைவரை நான் கூட நடப்பேன் என்று மருமகனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். மிச்சமிருந்தது மரண அறிவித்தல். இன்னாரின் மகளும், இன்னாரின் சகோதரியும், இன்னாரின் மாமியும் என்று முறைகளால் நிரம்பும் அந்தத் தாளில் என் பெயருக்கு எந்த முறை? போன தைப்பொங்கலுக்கு அடுத்த நாள், கோணிய வாயால் மெல்ல மெல்ல, அவரே வரியைச் சொன்னார். பழைய கிளினிக் துண்டின் பின்புறத்தில் எழுதிக்கொண்டேன். என் பெயர், அதன் பின்னால் “அவர்களின் உற்ற துணையும்”. பெற்றோர் பெயருக்கு அடுத்த வரியில், தம்பிக்கு முன்னால் வர வேண்டும் என்று விரலால் தட்டிக் காட்டினார். மருமகன் அதைப் படம் எடுத்துத் தன் தொலைபேசியில் வைத்திருக்கிறான். துண்டு பைக்குள் இருக்கிறது.