பழைய டெஸ்க்டாப் திணறுகிறதா?

புதிது வாங்கக் கிளம்பும் முன் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி விண்டோஸில் எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். நீங்கள் எதுவும் செய்யாதபோதும் ‘டிஸ்க்’ 100 சதவீதத்திலேயே நிற்கிறதா? பெரும்பாலும் பழைய ஹார்டு டிஸ்க்தான் காரணம். அதில் முள் நகர்ந்து நகர்ந்து கோப்பைத் தேட வேண்டும். நகரும் பாகமே இல்லாத புது வகை டிஸ்க்கான எஸ்எஸ்டியில் அந்த வேலையே கிடையாது. என்னைக் கேட்டால் முதல் செலவு இதற்குத்தான். பழைய டிஸ்க் சாட்டா என்ற இணைப்பு வகையில் இருந்தால், 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி அதே கேபிளிலேயே பொருந்தும். மாற்றும் முன் படங்களையும் கோப்புகளையும் வேறிடத்தில் நகலெடுத்து வையுங்கள், தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

டிஸ்க் சரி, மெமரிதான் நிரம்பி வழிகிறது என்றால் ரேமை 8 ஜிபி ஆக்கலாம். ரேமில் டிடிஆர்3, டிடிஆர்4 என்று தலைமுறைகள் உண்டு; டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 நுழையாது, பார்த்து வாங்குங்கள். அப்புறம், ஒவ்வொரு முறையும் தேதி மாறிப்போனால் மதர்போர்டில் உள்ள சிறிய வட்ட பேட்டரியை மாற்றுங்கள், பெரும்பாலும் சிஆர்2032தான்.