டெம்ப்ளேட் ஃபைலில் நேரடியாகக் கை வைக்காதீர்கள்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஐந்து பேர் வேலை பார்க்கும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. ஒரு திங்கட்கிழமை காலை எல்லோரும் கிட்டில் (கோட் மாற்றங்களைப் பதிந்து பகிர்ந்துகொள்ளும் கருவி) புல் செய்து மற்றவர்களின் மாற்றங்களை இறக்கிக்கொண்ட பிறகு யாருக்குமே டேட்டாபேஸ் கனெக்ட் ஆகவில்லை. தேடிப் பார்த்தால், கடலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் தம்பி தன் லேப்டாப்பில் இரண்டு மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் ஓட்டுவதால், செட்டிங்குகள் இருக்கும் கான்ஃபிக் ஃபைலில் 3306 என்றிருந்த போர்ட் எண்ணை 3307 ஆக்கியிருக்கிறார், சனிக்கிழமை ராத்திரி மற்ற மாற்றங்களோடு அதுவும் புஷ் ஆகி எல்லோருக்கும் போய்விட்டது. ஒரே ஒரு எண், அரை நாள் வேலை போச்சு. அவரைக் குறை சொல்ல முடியாது. எல்லோரும் திருத்தியே ஆகவேண்டிய ஃபைலை ரெப்போவில், அதாவது எல்லோருக்கும் பொதுவான கோட் களஞ்சியத்தில், வைத்ததுதான் முதல் தவறு.

சரி, கிட் கண்டுகொள்ளக் கூடாத ஃபைல்களின் பட்டியலான கிட்இக்னோரில் அந்த ஃபைல் பெயரைப் போட்டுவிட்டால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். போதாது. ஏற்கெனவே கமிட் ஆன, அதாவது கிட்டில் பதிவாகிவிட்ட ஃபைலை கிட்இக்னோர் கண்டுகொள்ளாது, புது ஃபைல்களுக்குத்தான் அது.

அடுத்ததாக எல்லோரும் போய் விழுகிற குழி, ஒரு ஃபைலின் மேல் போடும் அஸ்யூம்-அன்சேஞ்ச்ட் என்ற குறி. இது ஃபைலை மறைப்பதற்காக வந்ததே இல்லை. இந்த ஃபைல் மாறாது, திரும்பத் திரும்பச் சோதிக்காதே என்று கிட்டுக்கு நாம் கொடுக்கும் வாக்கு, வேகத்துக்காக மட்டும். ஸ்கிப்-வொர்க்ட்ரீ என்ற இன்னொரு குறியும் இந்த வேலைக்கு ஆகாது. வேறொருவர் அதே ஃபைலை மாற்றிப் புஷ் செய்த அன்று உங்கள் புல் நின்றுவிடும், உங்கள் மாற்றம் அழிந்துபோகும் என்று கிட் எச்சரிக்கும், ஆனால் ஸ்டேட்டஸ் கட்டளை போட்டுப் பார்த்தால் ஒரு மாற்றமும் தெரியாது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இதில் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் முழிப்பதைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும். தவிர, இந்தக் குறி உங்கள் கம்ப்யூட்டரோடு சரி, மற்றவர்களுக்குப் போகாது. எல்எஸ்-ஃபைல்ஸ் கட்டளையோடு சின்ன வி கொடுத்துப் பாருங்கள், பெரிய எஸ்ஸோ சின்ன ஹெச்சோ வந்தால் எப்போதோ போட்ட குறி இன்னும் இருக்கிறது.

செய்ய வேண்டியது எளிது. கான்ஃபிக்.எக்ஸாம்பிள் என்று மாதிரியை (இதுதான் டெம்ப்ளேட்) மட்டும் கமிட் செய்யுங்கள், ஒவ்வொருவரும் அதை கான்ஃபிக்.லோக்கல் என்று காப்பி எடுத்து அதில் எழுதட்டும், கிட்இக்னோரில் அந்தக் காப்பியின் பெயர் இருக்கட்டும். புதிதாக ஒரு செட்டிங் வந்தால் மட்டும் மாதிரியைத் தொடலாம், அதையும் தனி கமிட்டாகப் போடுங்கள்.

பழைய கான்ஃபிக்கை ஆர்எம் கேஷ்டு கட்டளை போட்டு கிட்டின் கணக்கிலிருந்து எடுக்கும்போது கவனம். உங்களிடம் ஃபைல் அப்படியே இருக்கும், ஆனால் அடுத்தவர் புல் செய்ததும் அவரிடமிருந்து காணாமல் போகும். முதலில் எல்லோரையும் காப்பி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அப்புறம், அந்த ஃபைலில் நிஜ பாஸ்வேர்ட் ஒருமுறை கமிட் ஆகியிருந்தால் ஃபைலை எடுத்தாலும் பழைய கமிட்டுகளில் அது கிடக்கும், அன்றைக்கே பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள்.